இரண்டாவது பொட்டலம்

எங்கள் வீட்டில் கொலைகாரன் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான். மற்ற எல்லோரும் துப்பறிகிறவரின் கட்சி. பத்து வயதில் எடுத்த அந்த நிலைப்பாட்டை இன்றுவரை நான் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். அத்தை கோயம்புத்தூரிலிருந்து இரண்டு சிடிக்களாக வாங்கி வந்தது. அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே தறி செட் இருந்தது. விசைத்தறி ஓடும் நாட்களில் டிவியில் யார் என்ன பேசினாலும் எங்களுக்கு வெறும் வாயசைப்புதான். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அன்றைக்குத்தான் கதாநாயகனுக்குக் குரல் வரும். அதனால் ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் குடும்பமே டிவி முன்னால் உட்கார்ந்துவிடும்.

நாற்காலியில் பெரியப்பா. பெரியம்மா காலமான பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். எங்களோடு இருந்தார் என்பதைவிட நாங்கள் அவரோடு இருந்தோம் என்பதுதான் சரி. கீழே பாயில் அப்பா, அத்தை, நான். எல்லோருக்கும் பின்னால், சமையலறைப் படியில், முறத்தை மடியில் வைத்துக் கடலைக்காய் உரித்துக்கொண்டு அம்மா. பெரியப்பா இருக்கும் இடத்தில் அம்மா முன்னால் வந்து உட்கார மாட்டார். கணவனின் அண்ணன் என்பதால் அவரிடம் நேராகப் பேசவும் மாட்டார். "பெரியப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு கண்ணு" என்பார் என்னிடம். பெரியப்பா இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். நான் திரும்பி அதையே சொல்வேன். அப்போதுதான் காதில் விழுந்ததுபோல அவர் எழுந்து வருவார். நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான். இதில் யாருக்கும் சிரிப்பு வந்ததில்லை, என்னைத் தவிர.

படத்தில் கொலைகாரன் ஒரு வக்கீல். தங்கப் பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு, பாகு மாதிரிப் பேச்சு. அவன் யாரையும் எதையும் செய்யச் சொல்ல மாட்டான். சமையல்காரனிடம் ஒரு வார்த்தை, மருமகனிடம் ஒரு வார்த்தை, மிராசுதாரின் மனைவியிடம் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், அடுத்த காட்சியில் மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்பார்கள். அவன் மாடிப்படியில் நின்று கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

எல்லாவற்றையும்விட அந்தப் பால் காட்சி. தனக்கு யாரோ விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்று மிராசுதார் பயந்துபோய்க் கிடக்கிறார். வக்கீல் ஒரு தட்டில் இரண்டு வெள்ளி டம்ளர் பால் கொண்டுவருகிறான். "ஒன்று தங்களுக்கு, ஒன்று எனக்கு. எதை எடுப்பது என்பது தங்கள் விருப்பம்" என்று தட்டை நீட்டிப் புன்னகைக்கிறான். கிழவர் ரொம்ப நேரம் யோசித்து, தட்டைத் திருப்பி வைத்து, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒன்றை எடுத்துக் குடிக்கிறார். சாய்கிறார். இரண்டு டம்ளரிலும் விஷம். வக்கீல் தன் டம்ளரை வாயருகே கொண்டுபோகிற நேரத்தில் டெலிபோன் மணி அடிக்கிறது, அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகிறான். போலீஸ் வந்தால் என்ன சொல்வார்கள்? அவரே பார்த்து எடுத்த டம்ளர்தானே! நான் கையைத் தட்டிவிட்டேன். பெரியப்பா திரும்பி முறைத்தார்.

துப்பறிகிறவர் இரண்டாவது சிடியில்தான் வந்தார். அந்த வெயிலிலும் நீளக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். மிராசுதாரின் அறைக்குள் போய், மேசைமேல் குனிந்து எதையோ பார்த்தார். அதோடு படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. சிடியில் கீறல். அப்பா துணியால் துடைத்துப் பார்த்தார், அத்தை ஊதிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. எப்படியும் துப்பறிகிறவர் பிடித்திருப்பார் என்றார் பெரியப்பா. பிடித்திருக்க முடியாது என்றேன் நான். அம்மா முறத்தைப் புடைத்துத் தோலை ஊதிவிட்டு, "புடிச்சிருவாங்க" என்றார் பொதுவாக. எப்படி என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த மாதந்தான் அத்தைக்குக் காங்கேயத்திலிருந்து சம்பந்தம் வந்தது. தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்த வீடு. மாப்பிள்ளை நல்லவர்தான் என்று சொன்னார்கள். இருக்கலாம், எனக்கு அவர்மீது பகை இல்லை. ஆனால் அந்த வீட்டார் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தார்கள். மருமகள் வேலைக்குப் போக வேண்டியதில்லை.

அத்தையின் வேலை எனக்கு உலகத்திலேயே உயர்ந்த வேலையாகத் தெரிந்தது. கோயம்புத்தூரில் நூலைச் சோதிக்கிற ஓர் ஆய்வகம். நூலை மெஷினில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுத வேண்டும். எங்கள் வீட்டில் நூல் அறுந்தால் தறிக்காரருக்குத் திட்டு விழும். அத்தைக்கோ அறுத்தால்தான் சம்பளம். சாயங்காலம் அவர் பஸ் விட்டு இறங்கி வருகிற நடையைப் பார்க்க வேண்டுமே, தோள்பை ஒரு பக்கம் ஆட, தெருவே தன்னுடையது மாதிரி வருவார். காங்கேயம் பேச்சு வந்த பிறகு அந்த நடை சுருங்கிவிட்டது. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பெரியப்பா கத்துகிற ஆள் கிடையாது. அதுதான் கஷ்டம். "வேலைய விட மாட்டேனுங்கண்ணா" என்று அத்தை சொன்னபோது, "உன்ற இஷ்டம் அம்மணி, உன்னக் கட்டாயப்படுத்தறதுக்கு நானாரு?" என்றார். மறுநாள் காங்கேயத்துக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அடுத்த வாரம் அவர் இரண்டு பட்டுப்புடவைகளைக் கொண்டுவந்து பாயில் விரித்தார். ஒன்று மாம்பழ நிறம், ஒன்று மயில் கழுத்து நிறம். "ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்க. உன்ற இஷ்டம்" என்றார். எதை எடுத்தாலும் அது நிச்சயதார்த்தப் புடவை.

எனக்குச் சுரீரென்றது. இரண்டு டம்ளரிலும் விஷம்!

அத்தை இரண்டையும் தொடவில்லை. புடவை மூன்று நாள் பாயிலேயே கிடந்தது. பெரியப்பா அதற்கும் கோபப்படவில்லை. வேறு தட்டை நீட்டினார். குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டுவிடலாம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் நிச்சயம் செய்வது, சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே விடுவது. "சாமிமேல விட்டுப்போடலாம் அம்மணி. சாமி சொன்னாலும் மாட்டீங்கறயா?" இதற்கு என்ன பதில் சொல்வது? அத்தை சரி என்று தலையை ஆட்டினார். பெரியப்பா கேட்டு வெள்ளைப் பூ வராமல் போனதாக எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. புதுத் தறி வாங்கக் கேட்டபோது வெள்ளை, தெற்குக் காட்டு நிலத்தை வாங்கக் கேட்டபோது வெள்ளை. அம்மனுக்கே அவரிடம் கொஞ்சம் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பூக்கேட்பது பெரிய காரியமில்லை. வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து, வாழைநாரால் ஒன்றுபோலக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். பூசாரி தட்டைக் குலுக்குவார். வீட்டுக்குப் பெரியவர் ஒன்றை எடுப்பார். எங்கள் கோயிலில் பொட்டலம் கட்டுவதற்கு மட்டும் ஒரு விதி உண்டு. பெரியவளாகாத பெண் குழந்தைதான் கட்ட வேண்டும். அதுவும் கோயிலுக்குப் பின்னால் தனியாகப் போய், யார் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும். சின்னக் கைக்குச் சூது தெரியாது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

கோயிலுக்குப் பின்னால் சிவப்பு அரளிச் செடி புதராக மண்டியிருப்பது எனக்குத் தெரியும். நோன்புத் திருவிழாவுக்குப் போனபோதெல்லாம் அங்கேதான் விளையாடுவோம். அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் நான் பாடம் எதையும் கேட்கவில்லை.

பூக்கேட்கும் நாளன்று அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை பின்னிவிட்டார். பூசாரி பித்தளைத் தட்டில் இரண்டு பூவையும் இலையையும் நாரையும் வைத்துக் கொடுத்தார். நான் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். வெள்ளைப் பூவை மதில் சந்தில் விரல் போகிற ஆழத்துக்குத் திணித்தேன். செடியில் ஒரு சிவப்பைப் பறித்தேன். இலையை மடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மன் உட்கார்ந்திருக்கிறாளே! சுவரைப் பார்த்தே அவளிடம் பேசிவிட்டேன். நீ எப்பப் பார்த்தாலும் பெரியப்பா பக்கந்தான், இந்த ஒரு தடவை இதில் தலையிடாதே, தலையிட்டால் இனி நோன்புக்கு வர மாட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாரை இறுக்கிக் கட்டினேன்.

பூசாரி தட்டை வாங்கி இடமும் வலமுமாகக் குலுக்கினார். பொட்டலங்கள் உருண்டு உருண்டு நின்றன. பெரியப்பா சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். எதை எடுப்பது என்று கொஞ்சம் தயங்கினார். எனக்கு அடக்க முடியவில்லை.

"உங்க இஷ்டமுங்க பெரியப்பா. எது வேணுமோ எடுத்துக்குங்க" என்றேன்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றிருந்தார். பெரியப்பா வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து, கண்ணில் ஒற்றி, நாரை உருவினார். சிவப்பு.

அப்பா தொண்டையைச் செருமினார். அத்தை கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தார், அப்புறம் அம்மனைப் பார்த்தார். முகத்தில் அப்படியே ரத்தம் ஓடி வந்ததைப் பார்த்தேன். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. வக்கீலாக இருந்தால் குதிக்க மாட்டான் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அப்போது பெரியப்பா, "அந்த இன்னொண்ணையும் பிரிங்க பாக்கலாம்" என்றார்.

அவர் சந்தேகப்பட்டுச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தறியிலிருந்து துணி இறங்கினால் மேல்முனையைப் பார்த்துவிட்டு விடுகிற ஆள் அவர் இல்லை. முழுப் பீஸையும் உருட்டி அடிமுனையையும் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. இரண்டாவது பொட்டலத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாரம் யோசித்திருக்கிறேன், செடியை யோசித்தேன், மதில் சந்தை யோசித்தேன், இதை யோசிக்கவில்லை. எனக்கு அடி விழும், அது பரவாயில்லை. அத்தை சொல்லிக்கொடுத்துச் செய்தது என்பார்கள். அதோடு அத்தை கதை முடிந்தது. காங்கேயத்துக்குத்தான், வேறு பேச்சே இருக்காது.

பூசாரியின் கை தட்டுக்குப் போனது. அதற்குள் இன்னொரு கை பொட்டலத்தை எடுத்துவிட்டது. அம்மாவின் கை.

"வேண்டாமுங்க மாமா" என்றார் அம்மா.

நேராக. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து. என் மூலமாக இல்லை, அப்பா மூலமாக இல்லை. அப்பா வாயைத் திறந்தபடி நின்றார்.

"எங்கூர்ல இன்னொண்ணப் பிரிக்க மாட்டாங்க. சாமி சொன்னதுக்கப்புறமும் பிரிச்சுப் பாத்தா, அவ வாக்கை நம்புலீன்னு ஆயிருமுங்க. தண்ணில உட்டுப்போடுவாங்க."

சொல்லிக்கொண்டே நடந்துவிட்டார். அவசரமாகக்கூட இல்லை. கோயில் கிணற்றடிக்குப் போய், பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டார். அது தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு, பழையபடி எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டார்.

பெரியப்பாவுக்குப் பொட்டலம் போனது பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அம்மா பேசியதிலேயே அவர் ஆடிப்போயிருந்தார். பூசாரிக்கு வீண் வம்பு எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும். "அப்படியும் ஒரு மொறை இருக்குதுங்க" என்று இழுத்தார். பெரியப்பா கையிலிருந்த சிவப்புப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அத்தையிடம் கொடுத்து, "சரி அம்மணி, சாமியே சொல்லிப்போட்டா" என்றார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொடுத்த வாக்கை அவர் மீறியதில்லை. அன்றைக்கே காங்கேயத்துக்குப் போன் செய்துவிட்டார். இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் அந்தக் கதையைச் சொல்லி, சாமி எவ்வளவு துடியானது என்று உருகுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போடுவேன்.

அத்தை மறுநாள் பஸ் ஏறி வேலைக்குப் போனார். பிறகு மேலே படித்தார். தனக்குப் பிடித்த நேரத்தில், தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டார். இப்போது அந்த ஆய்வகத்தையே பார்த்துக்கொள்வது அவர்தான். அதையெல்லாம் பார்க்கும்போது எனக்குள் ஒரு தலைக்கனம் எழும். சாமியையும் பெரியப்பாவையும் ஒரே தட்டில் வைத்து ஏமாற்றியவள் நான். இதற்கு எந்தக் கோயிலிலும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அம்மா குறுக்கே வந்ததை என் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொண்டேன். பாவம் அம்மா, வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவர், எதற்கெடுத்தாலும் சாமி குத்தம் என்பவர். அவருடைய மூடநம்பிக்கை நல்ல நேரத்தில் வந்து என்னைக் காப்பாற்றியது. அப்படித்தான் நினைத்தேன், வளர்ந்து பெரியவளான பிறகும்.

போன வருஷம் தாராபுரத்துப் பக்கம், அம்மா பிறந்த ஊரில், மாமா மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. அம்மாவும் நானும் போயிருந்தோம். அங்கேயும் பூக்கேட்டார்கள். மாமா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார், வெள்ளை. எல்லோரும் சந்தோஷமாகக் கலைவார்கள் என்று பார்த்தால், அவர் சாவதானமாக இரண்டாவதையும் எடுத்துப் பிரித்து, சிவப்புப் பூவைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"இங்க ரெண்டையும் பிரிப்பீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"பின்ன? எந்தக் காலத்துலயும் ரெண்டையும் பிரிச்சுக் காட்டோணும் அம்மணி. இல்லீன்னா எவனாச்சும் ரெண்டுலயும் ஒரே பூவை வெச்சுக் கட்டிப்போட்டா என்ன பண்றது?" என்றார் மாமா.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வேப்பமரத்தடியில் பெண்களோடு நின்று தேங்காய் பழத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டேன்.

"உங்க ஊர்ல இன்னொண்ணப் பிரிக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களேம்மா?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு ஒரு நொடிகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "உன்ற பெரியப்பங்கிட்ட உங்க இஷ்டம்னு சொல்லிச் சிரிச்சயே, அந்த வக்கீல் டம்ளர நீட்டிட்டுச் சிரிப்பானே அதே சிரிப்பு. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். "அந்தப் படத்த நான் கல்யாணத்துக்கு முன்னாடியே சினிமாக் கொட்டாயில பாத்ததுதான். அவன் எதுல மாட்டுனான்? குடிக்காத டம்ளர மேசமேலயே வெச்சுட்டுப் போயிட்டான். அதுலதான் மாட்டுனான்."

"அப்ப உங்க ஊர் வழக்கம்னு சொன்னது?"

"அன்னிக்குப் பிரிக்க மாட்டாங்க கண்ணு" என்றார் அம்மா.

நான் மாட்டியிருந்தால் சின்னப் பிள்ளை என்று நாலு அடியோடு விட்டிருப்பார்கள். அம்மா மாட்டியிருந்தால் அந்த வீட்டில் பிறகு எப்படி இருந்திருக்க முடியும் என்பதைப் பத்து வயதில் நான் நினைத்துப் பார்த்ததில்லை, அதற்கப்புறமும் நினைத்ததில்லை. நான் இலைக்குள் ஒளித்துவைத்துச் செய்ததை அவர் எல்லோர் முகத்துக்கும் முன்னால், சாமியின் பெயரிலேயே செய்துவிட்டு, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார். பெரியப்பாவிடம் அவர் நேராகப் பேசியது அந்த ஒரு தரந்தான்.